சூட்டைத் தூசி மறைக்காது

வெடி வைத்தால் தூசி எழும்பும், எழும்பிய தூசி இறங்கும், இது கல்லுடைக்கிற எல்லா ஊருக்கும் பொதுவான நியாயம். சடையம்பாறையிலும் குவாரி வந்த காலத்திலிருந்து அப்படித்தான் நடந்துவந்தது, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் எழும்பினால் சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுவதற்குள் இறங்கி, கிரஷர் தகரத்தின் மேலும் டிப்பர் லாரியின் மேலும் ஜல்லி அள்ளுகிற பொன்னழகுவின் தலைமுடி மேலும் ஏற்றத்தாழ்வு பார்க்காமல் ஒரே மாதிரி படிந்துவிடும். அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் எழும்பிய தூசி இறங்கவில்லை. சாப்பாடு முடிந்தது, வெற்றிலை போட்டாயிற்று, சாயங்கால டீயும் வந்து போயிற்று, தூசி குவாரிப் பள்ளத்தின் மேல் வைக்கோல்போர் மாதிரி நின்றது நின்றபடி நின்றது. காற்றடித்தும் கலையவில்லை. அதற்குள்ளே, பள்ளத்து வாயில் இருந்த வேப்பமரத்து நிழலில், அப்பன் ஆத்தாளுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்த மூன்று பிள்ளைகள் இருந்தார்கள்.

மேகலா பொன்னழகுவின் ஒரே மகள், மூன்றாம் வகுப்பு. மற்ற இருவரும் கூட ஜல்லி அள்ளுகிற பஞ்சவர்ணத்தின் பையன்கள், நிதீஷும் ஹரீஷும். அன்று வெடி வைத்தவன் மேகலாவின் அப்பன் ராசாங்கம். அவன் மேல் யாரும் ஒரு குற்றம் சொல்ல முடியாது. மூன்று தடவை விசில் ஊதினான், நாலு திசையும் பார்த்தான், பிள்ளைகளைப் பார்த்து அங்கேயே இருங்கள் என்று கையைக் காட்டினான், அவர்கள் இருந்த இடத்துக்கு ஒரு பொடிக்கல்கூடப் போய் விழவில்லை. தூசி மட்டும்தான் போனது. தூசியை யார் விசில் ஊதி நிறுத்த முடியும்?

ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு ஊரே உள்ளே போனது. நேராக நடந்தார்கள், நேராக அந்தப் பக்கம் வெளியே வந்தார்கள், ஆளுக்கு ஒரு படி தூசியைத் தலையில் சுமந்துகொண்டு. நடுவில் பிள்ளைகள் இல்லை, வேப்பமரம் இல்லை, பள்ளமே இல்லை, நீட்டிய கை தெரியாத வெள்ளைதான் இருந்தது என்றார்கள். கயிறு கட்டிக்கொண்டு போனவர்கள் கயிற்றோடு வந்தார்கள். தீயணைப்பு வண்டி வந்து தண்ணீரைப் பீய்ச்சியது. தண்ணீர் விழுந்த சத்தம்கூட வெளியே கேட்கவில்லை. பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்து, இது தூசிதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொல்ல அவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை.

ஊருக்கு எதையும் செரித்துவிடுகிற வயிறு. முதலாளி பக்கத்துப் பாறையைக் குத்தகைக்கு எடுத்து வேலையைத் தொடங்கினார், ஜனமும் சட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனது, டவுன் பஸ் கண்டக்டர் 'தூசி இறங்கு, தூசி இறங்கு' என்று கூவ ஆரம்பித்தார், கல்யாணப் பத்திரிகைகளில் தூசிக்கு வடபுறம் என்று முகவரி போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வருகை எடுக்கும்போது அந்த மூன்று பெயரையும் விடாமல் கூப்பிடுவார், மற்ற பிள்ளைகள் ஒரே குரலில் 'தூசில இருக்காங்க டீச்சர்' என்பார்கள், அவரும் சரி என்று அடுத்த பெயருக்குப் போவார். வருடம் முடிந்ததும் மூன்று பேரையும் பாஸ் போட்டு மேல் வகுப்புக்கு அனுப்பினார். ரேஷன் கடையில் அவர்கள் பங்குச் சர்க்கரையை நிறுத்தவில்லை. ஒன்றைச் சொல்ல மட்டும் எல்லோரும் வெட்கப்பட்டார்கள். ஊர்த் தூசியெல்லாம் அந்த ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்து நின்றுகொண்டதால் மற்ற இடமெல்லாம் சுத்தமாகிவிட்டது, கிழவர்களின் இருமல் குறைந்தது, சடையம்பாறை ஆண்கள் முதல்முறையாக வெள்ளைச் சட்டை வாங்கிப் போட்டார்கள். போட்டுக்கொண்டு பொன்னழகு வீட்டுப் பக்கம் போகாமல் சுற்றிப் போனார்கள்.

பொன்னழகு என்ன செய்வாள்? செத்தவர்களுக்கு அழ ஊரில் முறை இருக்கிறது, ஒப்பாரி இருக்கிறது, பதினாறாம் நாள் இருக்கிறது, அழுது முடித்ததும் தலைமுழுகக் குளம் இருக்கிறது. தூசிக்குள் இருக்கிறவளுக்கு எதுவும் இல்லை. அவள் விடிந்ததும் ஒரு தட்டில் சோற்றைப் போட்டுத் தூசியின் ஓரத்தில் வைத்து, 'மேகலா, சாப்பிட வா' என்று கூப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவாள்; பொழுதுசாயத் திரும்பி வந்தால் சோறு அப்படியே இருக்கும். ராசாங்கம் வெடி வைப்பதையும் விட்டான், பேச்சையும் விட்டான். கேட்டதற்குத் தலையாட்டுவான், அவ்வளவுதான். பெற்ற வயிறு எரிகிறது என்பார்களே, அவளுக்கு அது சொல்லாக இல்லை, தொட்டால் சுடும் போலத்தான் இருந்தது.

இரண்டு வருடம் போன பிறகு ஜெசிந்தா வந்தாள். அவள் மலைமேல் இருக்கிற வானாய்வுக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், கடற்கரைக்காரி, சினிமா விளம்பரத்துக்குக் கீழே நாலு வரியில் வந்த செய்தியைப் படித்துவிட்டு ஒரு பெரிய இரும்புப் பெட்டியோடு தூசி ஸ்டாப்பில் இறங்கினாள். தூசியை அண்ணாந்து பார்த்தவள் மற்றவர்களைப் போல் ஆச்சரியப்படவில்லை. தெரிந்த வீட்டு வாசலுக்கு வந்தவள் மாதிரி பெட்டியைக் கீழே வைத்தாள்.

"வானத்துலயும் இப்படித்தாங்கக்கா," என்றாள் பொன்னழகுவிடம். "பெரிய பெரிய தூசி மேகம் நிக்கும். அதுக்குள்ளதான் புது நட்சத்திரம் பிறக்கும், வளரும். வெறுங்கண்ணால பாத்தா வெறும் இருட்டு. ஒண்ணுமே இல்லன்னு ரொம்ப காலம் நெனச்சுக்கிட்டு இருந்தாங்க."

"இப்ப?"

"சூடா இருக்கற எதுலருந்தும் ஒரு வெளிச்சம் வருதுக்கா. அகச்சிவப்புன்னு சொல்லுவோம், நம்ம கண்ணுக்குத் தெரியாது. மத்த வெளிச்சத்தைத் தூசி பிடிச்சு வச்சுக்கும். இதைப் பிடிக்க முடியாது, ஊடால வந்துரும். அதைப் பாக்கற கேமரா இது."

பொன்னழகுவுக்கு அவ்வளவும் புரியவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. பிள்ளை உயிரோடு இருந்தால் உடம்பு சூடாக இருக்கும், சூட்டைத் தூசி மறைக்காது.

அந்தக் கேமராவுக்கு ஒரு வீம்பு இருந்தது. அது தான் சூடாக இருந்தால் தன்னுடைய சூட்டையே பார்த்துக்கொண்டு இருக்குமாம். அடுத்தவர் சூட்டைப் பார்க்க வேண்டுமானால் அதை உறைய உறையக் குளிர வைக்க வேண்டுமாம். மனிதர்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு, அது இருக்கட்டும். குளிர்விக்கிற திரவம் வழியிலேயே தீர்ந்துபோயிருந்தது, ஜெசிந்தா கையைப் பிசைந்தாள், அப்போதுதான் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற மாசிலாமணி தன் பைக்கில் கட்டியிருந்த அலுமினியக் கேனைக் காட்டி, "காளை வித்த கெடாம வச்சுருக்கறது இதுலதாம்மா, திரவ நைட்ரஜன், இது ஆவுமா பாருங்க," என்றார். அதேதான் அது. சடையம்பாறை மாடுகள் ஒரு வாரம் காத்திருக்கலாம் என்று ஊரே ஒருமனதாகச் சொன்னது.

பாறை ஆறிக் கிடக்கிற விடியற்காலையில் கேமராவை வைத்தார்கள். பெட்டியிலிருந்து சாம்பிராணிப் புகை போல வெண்மையாக ஒழுகியது. சின்னத் திரையில் முதலில் ஒன்றும் இல்லை, பிறகு சாம்பல், பிறகு அந்தச் சாம்பலுக்கு நடுவே மூன்று பொட்டு வெளிச்சம்.

"இருக்காங்க," என்றாள் ஜெசிந்தா.

பொன்னழகு கேமராவைத் தாண்டித் தூசியின் ஓரத்துக்கே ஓடினாள். உடனே திரை முழுக்க ஒரே வெள்ளையாக எரிந்தது.

"அக்கா, இங்கிட்டு வந்துருங்க. உங்க சூட்டுல பிள்ளைங்க தெரியாமப் போகுது."

அவள் திரும்பி நடந்தாள். பக்கத்தில் போனால் மறைகிற பிள்ளையைத் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்பது எந்தத் தாய்க்கும் விதிக்கக்கூடாத விதி. திரையில் மூன்று வெளிச்சத்தில் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. மற்றது கொஞ்சம் ஒதுங்கி, நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கையை இரண்டு பக்கமும் விரித்துத் தலை கிறுகிறுக்கும்வரை சுற்றுகிற தட்டாமாலை. மேகலாவை எத்தனை தடவை அதற்காக வைதிருப்பாள், மண்டை உடையப் போகுது நில்லுடி என்று.

"அதான் எம் பிள்ள," என்றாள் பொன்னழகு. ராசாங்கம் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து, இரண்டு வருடத்தில் முதல்முறையாக வாய்விட்டு அழுதான்.

அதன் பிறகு விடியற்காலையில் தூசி பார்ப்பது ஊர் வழக்கமாகிவிட்டது. மாசிலாமணி கேனைத் தவறாமல் நிரப்பிக்கொண்டு வந்தார். வெளியூர் ஜனம் வந்தது, பணியாரம் விற்கிறவள் வந்தாள், கோடு கிழித்துக் கோட்டுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும் என்று சொல்லப் பஞ்சாயத்தில் ஆள் போட்டார்கள், அந்த ஆளே கோட்டுக்கு முன்னால் போய் நின்று திட்டு வாங்கினான். ஒருவர் தன் எருமையை ஓட்டிவந்து அது சினையா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார். பிள்ளைகள் நாளுக்கு நாள் வெளிச்சம் கூடிக்கொண்டே போனார்கள். வாசலில் அகல் ஏற்றிய மாதிரி இருந்தது சூளை வாய் மாதிரி ஆயிற்று.

"நல்லதுக்கா இது," என்றாள் ஜெசிந்தா. "வானத்துல பிள்ள நட்சத்திரம் முத்தி வரவர அதோட சூடே சுத்தி இருக்கற தூசியைத் தள்ளி விட்டுரும். அப்பறம் வெறுங்கண்ணுக்கே தெரியும்."

"அது எப்ப தங்கச்சி?"

"வானத்துல லட்சக்கணக்கான வருசம் ஆகும்."

"இங்க?"

ஜெசிந்தா பொய் சொல்லத் தெரியாதவள். "எனக்குத் தெரியலக்கா," என்றாள்.

"லட்ச வருசத்துக்குச் சோறாக்க நான் அரிசிக்கு எங்க போவேன்," என்று சொல்லிப் பொன்னழகு சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு இன்னொரு பயம் வந்திருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. மகளின் முகம் மறந்துகொண்டு வந்தது. மூக்கு நினைவுக்கு வந்தால் நெற்றி வரவில்லை, நெற்றியைப் பிடித்தால் கண் நழுவியது. திரையில் தெரிகிற வெளிச்சத்துக்கோ முகமே இல்லை. இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும் என்று இரண்டு வருடம் வேண்டிக்கொண்டவள்தான், தெரிந்ததும் அது போதவில்லை.

ஆடி பிறந்தது. ஜெசிந்தா இதைவிடக் கூர்மையான கேமரா ஒன்றைக் கொண்டுவர மலைக்குப் போனாள். போகும்போது பொன்னழகுவின் கையைப் பிடித்து, "நான் வர்ற வரைக்கும் எதுவும் செய்யாம இருங்கக்கா," என்றாள்.

ஆடி மாதம் சடையம்பாறையில் அம்மனுக்குக் குளிர ஊற்றுகிற மாதம். சூடு என்றால் அம்மை, சூடு என்றால் கோபம், சூடு என்றால் ஆகாதது. மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் மோரும் இளநீரும் குடம் குடமாகக் கொண்டுபோய் ஊற்றி, குளிர்ந்து போ தாயே என்றால் ஊரும் குளிரும். வயிறு குளிர, மனசு குளிர என்றுதான் அங்கே ஆசீர்வாதமே செய்வார்கள். வேறு எந்த ஊர்க்காரனுக்கும் தோன்றியிருக்காதது அவர்களுக்குத் தோன்றியதற்கு அதுதான் காரணம்.

பஞ்சவர்ணம்தான் முதலில் சொன்னாள். "மதினி, பிள்ளைங்களுக்குக் கொதிக்குது மதினி. நீயே பாத்தேல்ல. நம்ம வீட்டுல இப்படிக் காஞ்சா சும்மா பாத்துக்கிட்டா இருப்போம்? ஈரத்துணியாச்சும் போட மாட்டோமா?"

"அந்தச் சூடு நல்லதுன்னு ஜெசிந்தா சொன்னுச்சே."

"அது வானத்துப் பிள்ளைக்கு. இது நம்ம பிள்ள. கேமராவைக் குளிர வச்சதுக்கே பிள்ளைங்க திரையில வந்துச்சுங்க. தூசியவே குளிர வச்சா நேருலயே வந்துராதா?"

இதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. மாசிலாமணிகூடத் தாடியைச் சொறிந்துகொண்டு, சரியாத்தான் தெரியுது என்றார். தீயணைப்பு வண்டி ஊற்றிப் பலிக்கவில்லையே என்று ஒருவன் கேட்டதற்கு, அது கூலிக்கு ஊற்றினது, பெத்தவள் கைத் தண்ணி முதலில் விழ வேண்டும், அதுதான் முறை என்று பூசாரி சொல்லிவிட்டார். ஆக எல்லாம் பொன்னழகுவின் வாயைப் பார்த்து நின்றது. பஞ்சவர்ணமும் பெத்தவள்தான், ஆனால் மதினி முறையில் பொன்னழகு கைதான் மூத்த கை.

அன்று சாயங்காலம் வீட்டில் குடத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தபோது ராசாங்கம் வாய் திறந்தான். அழுத நாளிலும் பேசாதவன்.

"சூடு இருக்குல்ல புள்ள," என்றான். "அது போதும். விடு."

"உங்களுக்குப் போதும். எனக்கு முகம் வேணும்."

அவன் சொன்னதைக் கேட்டிருக்கலாம். கேட்கிற நிலையில் எந்தத் தாய் இருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் அவளை நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

கடைசி வெள்ளிக்கிழமை ஊர் முழுக்க மஞ்சள் சேலையில் கிளம்பியது. கொட்டுக்காரர்கள் முன்னால் போக, குடமும் தவலையும் பால்கேனும் பிளாஸ்டிக் வாளியும் இடுப்பிலும் தலையிலும் தளும்ப, ஒருவர் மேல் ஒருவர் ஊற்றிக்கொண்டு, நனைந்து நனைந்து, குளிர்ந்து வா தாயே, குளிர்ந்து வா தகப்பனே என்று பாடிக்கொண்டு, வெள்ளைச் சட்டைக்காரர்களும் அன்று சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீர் சுமந்தார்கள். ராசாங்கம் மட்டும் வீட்டைவிட்டு வரவில்லை. தூசியின் ஓரத்தில் பொன்னழகு நின்றாள். 'மேகலா, வந்துரு சாமி,' என்று சொல்லி முதல் குடத்தைக் கவிழ்த்தாள். அவளுக்குப் பின்னால் ஊரே கவிழ்த்தது, மாசிலாமணி தன் கேனையும் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்தார்.

தூசி இறங்க ஆரம்பித்தது. சல்லடையில் மாவு விழுகிற மாதிரி சத்தமில்லாமல், அவசரமில்லாமல், மேலிருந்து கீழாக இறங்கியது, முதலில் வேப்பமரத்தின் உச்சி தெரிந்தது, பிறகு கிளை, பிறகு நிழல், நிழலில் மூன்று தூக்குச்சட்டி, அதற்கு அந்தப் பக்கம் பஞ்சவர்ணத்தின் பையன்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு, தள்ளி மேகலா. தட்டாமாலை சுற்றிக்கொண்டிருந்தவள் மெதுவாகி, இன்னும் மெதுவாகி, நின்றாள். கொட்டுச் சத்தம் தானாக நின்றுவிட்டது.

பொன்னழகு முகத்தைப் பார்த்தாள். மறந்துபோன முகம் அது இல்லை, வளர்ந்திருந்தது. தாடை நீண்டிருந்தது, விழுந்த முன்பல் முளைத்திருந்தது, நெற்றி ராசாங்கத்தின் நெற்றியாக மாறியிருந்தது. இதை எப்படி நினைவில் தேடிக் கண்டுபிடித்திருக்க முடியும்? அவள் தேடியதெல்லாம் வேறு ஒரு சின்னப்பிள்ளையை. மேகலா அவளைப் பார்த்தாள், அடையாளம் தெரிந்துகொண்டாள், உதடு நடுங்கியது.

"அம்மா, குளிருதும்மா."

பொன்னழகு ஓடிப்போய் அள்ளி அணைத்தாள். அணைத்த பிறகுதான் தெரிந்தது, தன் உடம்பு முழுக்க ஈரம், சேலை ஈரம், ரவிக்கை ஈரம், தலைமுடி ஈரம். பிள்ளை விடியற்காலைப் பாறை மாதிரி சில்லென்று இருந்தாள். "துணி குடுங்க, யாராச்சும் ஒரு காஞ்ச துணி குடுங்க," என்று அவள் கத்தினாள், அத்தனை பெரிய கூட்டத்தில் காய்ந்த துணி என்று ஒரு முழம் யாரிடமும் இல்லை, ஊரே தன்னைத் தானே நனைத்துக்கொண்டு வந்திருந்தது. பஞ்சவர்ணம் தன் இரண்டையும் வாயால் ஊதி ஊதித் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் நனையாத ஒரே ஆள் ராசாங்கம். அவன் சத்தம் கேட்டு வீட்டிலிருந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே ஓடிவந்தான், ஓடிவந்து பொன்னழகு முன்னால் மண்டியிட்டுச் சட்டையை விரித்தான். அப்போது அவள் கைகள் வளைந்தபடி இருந்தன, நெஞ்சில் மஞ்சள் தண்ணீரில் குழைந்த கல்தூசி அப்பியிருந்தது, கைகளுக்குள் வேறு ஒன்றும் இல்லை.

பஞ்சவர்ணத்தின் கையிலும் தூசிதான் மிஞ்சியது. மூன்று பேருக்கும் முறைப்படி எல்லாம் செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் மூன்று பெயரையும் கூப்பிடுவதை நிறுத்தினார், கண்டக்டர் பழைய பெயரைச் சொல்லிக் கூவினார், ஆட்களுக்கு மறுபடி இருமல் வந்தது. அடுத்த ஆடியில் யாரும் தண்ணீர் எடுக்கவில்லை. அம்மன் அந்த வருடம் சூடாகவே இருந்தாள். பெரியவர்கள் ஆசீர்வாதம் செய்ய வாயெடுத்து, பாதியில் நிறுத்தி, வெறுமனே தலையைத் தொட்டு அனுப்பினார்கள்.

அதற்கெல்லாம் முன்னால், ஆவணியில் ஜெசிந்தா புதுக் கேமராவோடு திரும்பி வந்தபோது பெட்டியைத் திறக்க வேண்டிய வேலை இருக்கவில்லை. நடந்ததைக் கேட்டு அவள் யாரையும் ஏசவில்லை. பொன்னழகு எங்கே என்று மட்டும் கேட்டாள். குவாரிப் பள்ளத்தைக் காட்டினார்கள்.

சித்திரையையும் தோற்கடிக்கிற வெயில். கால் வைக்க முடியாத கரும்பாறையின் மேல் பொன்னழகு கையையும் காலையும் பரப்பி மல்லாந்து படுத்திருந்தாள். காய்ந்து வெளுத்த சேலை, காய்ந்த முடி, கைத்தோல் வெந்து உரிந்திருந்தது. ஜெசிந்தா அவள் கையைத் தொட்டாள், தொட்ட கையை வைத்திருக்க முடியவில்லை.

"அக்கா, உடம்பு நெருப்பா இருக்கு. எந்திரிங்க, நிழலுக்குப் போவோம்."

"நீ போ தங்கச்சி," என்றாள் பொன்னழகு, கண்ணைத் திறக்காமல். "இன்னுங் கொஞ்சம் காஞ்சுட்டு வர்றேன். பிள்ள மறுபடி வந்து ஒட்டிக்கிட்டா உடம்பு சூடா இருக்கணும்ல."